குழாய்க்குக் காப்பு

வேங்கைப்பட்டணத்து அரசவையில் கூத்தரசன் என்று ஒரு விகடகவி இருந்தார். வாய் நீளம், மூக்கு அதைவிட நீளம். ஊரில் எது நாறினாலும் முதலில் அவருக்குத்தான் தெரியும்.

அந்த வருஷம் நெசவாளர் தெருப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார்கள். ஏரித் தண்ணீர் வருகிற புதுக் குழாயிலிருந்து ஈயமும் செம்பும் கரைகிறது என்றார் கூத்தரசன். குழாய் போட்ட அதிகாரி சோணாசலத்துக்கு வந்ததே கோபம்!

"வைத்தியர் மூன்று முறை பொடி தூவிப் பார்த்தாரே! உலோகம் இருந்தால் தண்ணீர் கறுக்கும். கறுத்ததா?"

கறுக்கவில்லைதான். மன்னர் கடுப்பாகிவிட்டார்.

"கூத்தரசரே, நாளை கடைசிச் சோதனை. அதிலும் கறுக்காவிட்டால் உமக்கு இந்த அவையில் இடமில்லை."

கூத்தரசன் அங்கே நிற்கவில்லை. நேரே குழாயடிக்குப் போய், தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த நெசவுக்காரி வள்ளியம்மையை விசாரித்தார்.

"சோதனைக்கு முன்னாடி நம்ம அதிகாரி ஒரு நாழிகை தண்ணியத் தொறந்து விட்டுருவாருங்க. நாங்க விடிஞ்சதும் வந்து, வர்ற தண்ணிய அப்படியே பிடிக்கிறோம்" என்றாள் அவள்.

அட பாவி! ராத்திரி முழுக்கக் குழாயில் ஊறிய தண்ணீர் பிள்ளைகளுக்கு, கழுவிவிட்ட தண்ணீர் வைத்தியருக்கா? கூத்தரசன் அரண்மனைக்கு ஓடினார்.

"மன்னா, என் தோல்வி நிச்சயம். போகிறபோது அதிகாரிக்கு ஒரு மரியாதை செய்துவிட்டுப் போகிறேன். கோயில் திருவிழா மாதிரி இன்று மாலையே குழாய்க்குக் காப்பு கட்டுவோம். அவிழ்க்கும்வரை யாரும் திறக்கக் கூடாது. காலையில் முதல் குடம் அவருக்கே!"

முதல் மரியாதை என்றதும் சோணாசலத்துக்குத் தலைகால் புரியவில்லை. மேளக்காரர்களை அவரே ஏற்பாடு செய்தார்.

காலையில் ஊரே கூடியது. காப்பை அவிழ்த்தார்கள். முதல் குடத்திலிருந்து ஒரு குவளை மொண்டு நீட்டினார் கூத்தரசன். அப்போதுதான் சோணாசலத்துக்கு உறைத்தது. குவளையை வாங்காமல் பின்வாங்கினார்.

"கொஞ்சம் ஓடட்டுமே..."

"எவ்வளவு நேரம்?" என்றார் மன்னர்.

"ஒரு நாழிகை, மன்னா."

"ஏன்?"

வைத்தியர் அதே குவளையில் பொடியைத் தூவினார். தண்ணீர் மையாகக் கறுத்தது.

சோணாசலம் மன்னர் காலில் விழுந்தார். "மண்குழாயாக மாற்றிவிடுகிறேன், மன்னா! ஆனால் ஒரு வருஷமாவது ஆகும்."

"நிதானமாகச் செய்யுங்கள்" என்றார் கூத்தரசன். "அதுவரை தெருவுக்கு வண்டியில் ஏரித் தண்ணீர் வரட்டும். இந்தக் குழாயின் முதல் குடம் மட்டும் தினமும் மேளதாளத்தோடு உங்கள் வீட்டுக்கு வரும். குடும்பத்தோடு குடியுங்கள். மரியாதையைப் பாதியில் நிறுத்தலாமா?"

"மன்னா! பதினைந்தே நாள்!" என்று அலறினார் சோணாசலம்.

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. முத்துமாலையைக் கழற்றிக் கூத்தரசன் கழுத்தில் போட்டார். மண்குழாய் என்னவோ பன்னிரண்டாம் நாளே வந்துவிட்டது.