கருங்கல் அரியணையில் ஏறிய முள்ளம்பன்றி

காரிருள் வனத்தில் ஏழு ஆண்டுகளாக வெயில் விழவில்லை. கோரன் என்ற கழுதைப்புலி, எங்கிருந்தோ ஒரு மந்திரக் கருங்கல் அரியணையைக் கொண்டுவந்து நடுக்காட்டில் போட்டு ஏறி உட்கார்ந்ததிலிருந்து இந்தக் கதி. அதன் அடியிலிருந்து ஓயாமல் கிளம்பிய கரும்புகை காட்டையே மூடியது. அதில் உட்கார்ந்தவன் மலைபோலத் தெரிந்தான். கோரன் அதைவிட்டு இறங்கவே இல்லை. மாதம் ஒரு குட்டி அவனுக்கு இரையாகப் போக வேண்டும் என்பது சட்டம்.

அந்த மாதம் முயலின் கடைசிக் குட்டிக்கு முறை வந்தது. முயல் அழுத அழுகையில், பக்கத்து வளையிலிருந்த கூரன் என்ற முள்ளம்பன்றிக்குக் கிழங்கு தொண்டையில் இறங்கவில்லை. குட்டிக்குப் பதில் தானே போவதாகச் சொல்லிவிட்டான்.

"போறதுதான் போறீங்க, முதுகைக் காட்டிக்கிட்டுப் போங்க. உங்க முகத்தைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டாங்க" என்றாள் அவன் மனைவி செவந்தி.

கூரன் அப்படியே அரியணைமுன் போய் முதுகைக் காட்டி நின்றான்.

"அரசனுக்கே முதுகைக் காட்டுகிறாயா?" என்று புகைக்குள்ளிருந்து கோரன் உறுமினான்.

"மன்னிக்கணும் மகாராஜா. எங்கள் இனத்தை வால் பக்கமிருந்து தின்றால்தான் ருசி."

ருசி என்றதும் கோரனுக்கு நாக்கு ஊறியது. குனிந்து கவ்வினான். கூரன் முட்களைச் சிலிர்த்தான். மூக்கெல்லாம் முள் தைக்க, கோரன் அலறியபடி கீழே உருண்டான். புகைக்கு வெளியே கிடந்தது, சொறி பிடித்த ஒரு கிழட்டுக் கழுதைப்புலி. இதற்கா இத்தனை காலம் நடுங்கினோம் என்று, மறைவிலிருந்து பார்த்த விலங்குகளுக்கு வெட்கமாகப் போயிற்று. எல்லாம் சேர்ந்து அவனை மலைக்கு அப்பால் துரத்தின.

பிறகு கூரனையே அரசனாக இருக்கச் சொல்லிக் கேட்டன. அவன் மூன்று முறை மறுத்தான்; மூன்றாவது முறை கொஞ்சம் மெதுவாக. சும்மா உட்கார்ந்துதான் பார்ப்போமே என்று ஏறினான். புகை சூழ்ந்தது. உடம்பு பெருத்தாற்போல் சுகமாக இருந்தது. நல்ல கிழங்கெல்லாம் தனக்கே என்றான். அடுத்து, தன்னை நிமிர்ந்து பார்ப்பவர்களின் கண்ணைப் பிடுங்கச் சொன்னான்.

முயல் தன் குட்டியை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டது. செவந்தி மட்டும் கிட்டே வந்தாள்.

"ஏங்க, இப்பப் பேசினது நீங்களா, அவனா?"

கூரனுக்குச் சுருக்கென்றது. பிறரைக் குத்தியே பழகியவனுக்கு, குத்து வாங்கினால் எப்படியிருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. குதித்து இறங்கி, எல்லோரையும் கை கொடுக்கக் கூப்பிட்டான். முட்டித் தள்ளியதில் அரியணை பக்கத்திலிருந்த ஆழமான மடுவில் விழுந்து மூழ்கியது. புகை கலைந்து வெயில் விழுந்தது. முயல்குட்டி அதுவரை வெயிலையே பார்த்ததில்லை. முதுகு சுடுவதாகத் தாயிடம் புகார் சொன்னது.

கொடுங்கோலனைத் துரத்தினால் மட்டும் போதாது. அவன் உட்கார்ந்த இடத்தின் மேல் நமக்கிருக்கும் ஆசையையும் சேர்த்துத் துரத்த வேண்டும்.