ரிவர்ஸ் விழாத டாக்சி

2019 மார்ச் 11, காலை பதினொரு மணி. நுகர்வோர் நீதிமன்றத்தில் ஏழாவது வாய்தா. மனுதாரர் தாராபுரம் நாச்சம்மாள். டாக்சிதான் அவள் பிழைப்பு. வாங்கிய மாதமே அதில் ரிவர்ஸ் கியர் விழாமல் போனது.

"கியர் பாக்ஸில் குறையே இல்லை. இந்தம்மாவுக்கு ஓட்டத் தெரியவில்லை," என்றார் கம்பெனி வக்கீல் ராஜசிம்மன். பக்கத்தில் கம்பெனி இன்ஜினீயர் தலையாட்டினார். "குறை இருந்தால் இன்றே நிரூபிக்கட்டும். இல்லையென்றால் வழக்கை முடித்துவிடுங்கள்."

"வக்கீலய்யா காரை வெளியே முட்டுச்சந்துக்குள்ள விட்டிருக்காருங்க," என்றாள் நாச்சம்மாள். "அதுக்குப் பின்னாடியே என் வண்டியைச் சொருகிட்டேன். என் வண்டி பின்னால போனாத்தான் அவர் வெளியே வர முடியும். எனக்குத்தான் ஓட்டத் தெரியாதே! இன்ஜினீயர் சார் எடுத்து விடட்டுமுங்க."

சாவியை நீட்டினாள். நீதிபதி எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார்.

சந்தில் இன்ஜினீயர் கியரை இழுத்தார், உலுக்கினார், கும்பிடாத குறையாகக் கெஞ்சினார். வண்டி கர்ரென்று உறுமியதே தவிர, ஓர் அங்குலம் பின்வாங்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கியதும், வக்கீல் கறுப்பு அங்கியை இடுப்பில் சுருட்டிக்கொண்டு தானே தள்ள ஆரம்பித்தார்.

"ஏழு மாசமா நானும் இப்படித்தானுங்க ரிவர்ஸ் எடுக்கறேன்," என்றாள் நாச்சம்மாள்.

ஜூன் 4ஆம் தேதி கம்பெனி அந்த டாக்சிக்குப் புது கியர் பாக்ஸ் மாட்டிக் கொடுத்தது.