தண்ணி கட்டு

ஒரு சொல்லைக்கூட வழியில் சிந்தாமல் கொண்டுபோய்க் கொடுத்த பிறகும், சேதி போய்ச் சேராமல் இருக்குமா? தாழையேரிக் காட்டு மைனாவிடம் இதைக் கேட்டிருந்தால், அதெப்படி இருக்கும் என்று சிறகைச் சிலுப்பியிருப்பாள். அந்தக் கோடைக்கு முன்னால் கேட்டிருந்தால்.

அந்த மைனாவின் பெயர் சொல்லழகி. காட்டில் சேதி கொண்டுபோகிற வேலை அவளுடையது. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் அப்படியே ஒப்பிப்பாள். இருமிச் சொன்னால் இருமியே சொல்வாள். சொல்லி முடித்ததும் நிற்க மாட்டாள், விர்ரென்று திரும்பிவிடுவாள். "வாங்கின சொல்லை மாத்தி நான் கொடுத்ததே இல்லை" என்று மூக்கை நிமிர்த்திச் சொல்லிக்கொள்வாள். அது பொய்யில்லை.

அந்தக் காட்டின் மேட்டில் ஒரு ஏரி. பள்ளத்தில் ஒரு குட்டை. ஏரித் தண்ணீர் மடை வழியாக இறங்கி, வாய்க்காலில் ஓடி, குட்டைக்கு வரும். மடைவாயில் பெரிய கல் ஒன்று. அதைத் தள்ளித் திறப்பதும் மூடுவதும் எருமை காரியின் வேலை. மேல்மலையிலிருந்து அந்த வருஷம்தான் அவள் புதிதாக வந்திருந்தாள். கீழே வாய்க்காலைத் தூர்வாரி வைப்பதும், தண்ணீர் எப்போது வேண்டும் என்று சொல்லி அனுப்புவதும் காட்டுப்பன்றி மண்கிண்டியின் வேலை. இரண்டு பேருக்கும் நடுவில் மூங்கில் புதர். இவன் கத்தினால் அவளுக்குக் கேட்காது. அதனால்தான் சொல்லழகி.

மூன்று பேருமே வேலையில் கெட்டி. அந்தப் பெருமை மூன்று பேருக்கும் உண்டு. இருக்க வேண்டியதுதானே.

கோடை வந்தது. குட்டை சுருங்கிக்கொண்டே போனது. குட்டையில் செம்பா என்ற விரால் மீன் அப்போதுதான் குஞ்சு பொரித்திருந்தாள். செந்தூளைத் தண்ணீரில் தூவினாற்போல் அவளைச் சுற்றிக் குஞ்சுகள். பெரிய விரால் என்றால் சேற்றில் புதைந்துகூடப் பிழைத்துக்கொள்ளும். குஞ்சுகளால் முடியாது. அதுதான் செம்பாவின் கவலை.

கரையில் நாரை நெட்டையன் ஒற்றைக் காலில் நின்றான். குட்டை வற்ற வற்ற அவனுக்கு வாய் ஊறியது.

செம்பா மண்கிண்டியிடம் வந்து முறையிட்டாள். மேலேயிருந்து கசிந்து வருகிற தண்ணீர் போதவில்லை, வெயிலுக்கே போய்விடுகிறது என்றாள். மண்கிண்டி உடனே சொல்லழகியைக் கூப்பிட்டான்.

"காரிகிட்டப் போய், குட்டைக்குத் தண்ணி கட்டுன்னு சொல்லு."

மண்கிண்டி வயக்காட்டு ஓரம் பிறந்து வளர்ந்தவன். கரும்புக்குத் தண்ணி கட்டியாச்சா, வாழைக்குத் தண்ணி கட்டியாச்சா என்று குடியானவர்கள் கேட்டுக்கொள்வதைப் புதருக்குள் படுத்தபடி கேட்டே வளர்ந்தான். தண்ணி கட்டுவது என்றால் அவனுக்குப் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சுவது.

சொல்லழகி பறந்தாள். மடைவாயில் உட்கார்ந்து, "குட்டைக்குத் தண்ணி கட்டு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். ஒரு எழுத்தும் குறையவில்லை.

காரி வளர்ந்த மேல்மலையில் வயல் ஏது? அங்கே எருமைகள் ஓடையை மண் போட்டு மறிக்கும், தேங்குகிற தண்ணீரில் படுத்துப் புரளும். தண்ணியைக் கட்டுவது என்றால் அங்கே ஓடுகிற தண்ணீரை நிறுத்துவது. காரி மடையைப் பார்த்தாள். கல் கொஞ்சம் விலகி, இடுக்கில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. குட்டைக்குப் போகிற இந்தக் கசிவைத்தான் நிறுத்தச் சொல்கிறார்கள் போல என்று நினைத்தாள். கல்லை நெற்றியால் முட்டி, மடையை அடைத்தாள்.

கீழே வந்துகொண்டிருந்த கொஞ்சநஞ்சமும் நின்றது.

மறுநாள் குட்டை இன்னும் உள்ளே போயிருந்தது. மண்கிண்டிக்குக் கோபம். புதுசா வந்தவளுக்குச் சொன்னது காதில் ஏறவில்லை போலிருக்கிறது என்று உறுமினான்.

நெட்டையன் ஏரிக்கு மேலே தினமும் பறந்து வருகிறவன். காரி மடையை அடைத்ததை அவன் பார்த்திருந்தான். ஆனால் அதைச் சொன்னால் அவன் வயிறு என்ன ஆவது? மெல்லப் பன்றியின் பக்கத்தில் வந்து, எருமைக்குக் காது மந்தம் என்று கேள்வி, அழுத்திச் சொன்னால்தான் உறைக்கும் என்று எடுத்துக்கொடுத்தான்.

"நல்லாக் கட்டச் சொல்லு" என்றான் மண்கிண்டி.

சொல்லழகி அதே அழுத்தத்தோடு போய்ச் சொன்னாள். காரி கல்லின் இடுக்கெல்லாம் களிமண்ணை அப்பினாள்.

அதற்கும் மறுநாள், "நேத்துக் கட்டினது போதாது, இன்னும் நிறையக் கட்டச் சொல்லு" என்று போயிற்று. காரி பெருமூச்சு விட்டாள். இந்தக் கீழ்க்காட்டுக்காரர்களைத் திருப்திப்படுத்துவது லேசில்லை என்று எண்ணிக்கொண்டு, அப்பிய மண்ணின் மேல் இன்னொரு பூச்சுப் பூசிக் காலால் மிதித்தும் வைத்தாள். வேலையைச் சுத்தமாகச் செய்த நிறைவு அவள் முகத்தில்.

கீழே குஞ்சுகளின் முதுகு வெயிலில் தெரிய ஆரம்பித்தது. செம்பா தன் நிழலுக்கு அடியில் அவற்றை இழுத்து இழுத்து வைத்துக்கொண்டாள். நெட்டையன் ஓரடி முன்னால் வந்து நின்றான்.

சொல்லழகி தண்ணீர் குடிக்கக் குட்டைக்கு வந்தாள். செம்பாவைப் பார்த்ததும் அவளாகவே சொன்னாள்.

"நான் ஒழுங்காத்தான் சொன்னேன் அக்கா. ஒரு சொல்லும் விடலை."

"நீ என்ன சொன்னேன்னு நான் கேக்கலை தாயி" என்றாள் செம்பா. "நீ சொன்னதும் அவ என்ன செஞ்சா?"

சொல்லழகி யோசித்துப் பார்த்தாள். காரி என்ன செய்தாள்? தெரியாது. சொல்லிவிட்டுத் திரும்புவதுதானே அவள் வழக்கம். ஒரு நாளாவது நின்று பார்த்திருந்தால்தானே தெரியும்.

குடிக்க வந்த தண்ணீரைக் குடிக்காமலே மேலே பறந்தாள். இந்த முறை அவள் வாயில் யாருடைய சேதியும் இல்லை. மூங்கில் கிளையில் உட்கார்ந்து பார்த்தாள். காரி களிமண்ணை முகத்தால் அள்ளி, மடைவாயில் அப்பிக்கொண்டிருந்தாள்.

"என்ன அத்தாச்சி செய்றீங்க?"

"பார்த்தாத் தெரியலையா? தண்ணியைக் கட்டிக்கிட்டிருக்கேன். நீதானே தினமும் வந்து உயிரை எடுக்கிறே. இனி ஒரு எறும்பு குடிக்கிற தண்ணிகூட இந்த வழியாப் போகாது. போய் உங்க பன்றி அண்ணன்கிட்டச் சொல்லு."

சொல்லழகிக்கு இப்போதுதான் விளங்கியது. சொன்ன சொல் அப்படியே வந்து சேர்ந்திருக்கிறது. விஷயம்தான் வழியிலேயே தலைகீழாகக் கவிழ்ந்துவிட்டது.

இப்போது என்ன செய்வது? வாங்கின சொல்லை மாற்றிக் கொடுப்பதில்லை என்பது அவள் பெருமை. அதே சொல்லை இன்னொரு தடவை சொன்னால் இன்னொரு பூச்சு விழும். அவள் குஞ்சுகளின் முதுகை நினைத்துப் பார்த்தாள். பெருமையை அந்த மூங்கில் கிளையிலேயே விட்டுவிட்டு இறங்கிவந்தாள். முதல்முறையாகத் தன் சொந்தச் சொல்லில் பேசினாள்.

"அத்தாச்சி, மண்கிண்டி அண்ணன் சொல்ற 'கட்டு' வேற. தண்ணி நிக்கக் கூடாது, குட்டைக்கு ஓடி வரணும். அங்கே விரால் குஞ்சுங்க வெயில்ல கிடக்கு. அதுங்க முதுகு முங்கற அளவுக்குத் தண்ணி வேணும்."

காரி மண் அப்பிய முகத்தை நிமிர்த்தினாள். பிறகு மெதுவாக, "அப்போ நான் இந்தக் கல்லைத் தள்ளித் திறக்கணும், அவ்வளவுதானே?" என்று கேட்டாள்.

"அதேதான்."

"இதை முதல் நாளே இப்படிச் சொல்லியிருக்கலாமே, புண்ணியவதி."

காரி முட்டினாள். கல் அசையவில்லை. வெயிலில் களிமண் ஓடு போல இறுகியிருந்தது. அவ்வளவு நன்றாக அடைத்திருந்தாள்! கொம்பைக் கொடுத்து நெம்பினாள். கொம்பு வழுக்கியது.

சொல்லழகி கீழே பறந்தாள். மண்கிண்டியிடம் சுற்றி வளைக்கவில்லை. மடை அடைபட்டுக் கிடக்கிறது, கல்லுக்கு அடியில் மண் இறுகிவிட்டது, அதைத் தோண்ட உங்கள் மூக்கு வேண்டும், இப்போதே வேண்டும் என்றாள். அடைத்தது யார் என்று மண்கிண்டி சண்டைக்குக் கிளம்பினான். அதை அங்கே வந்து கேளுங்கள் என்று சொல்லழகி முன்னால் பறந்தாள். மூங்கில் புதரைப் பிளந்துகொண்டு அவன் மேடேறினான்.

ஏறிப் பார்த்ததும் அவனுக்குச் சண்டை மறந்துபோனது. மூக்கைக் கல்லுக்கு அடியில் கொடுத்துக் கிளறினான். மண் பொடிந்து உதிர்ந்தது. காரி மேலேயிருந்து முட்டினாள். கல் ஒரு முறை ஆடியது. இன்னொரு முறை ஆடியது. பிறகு உருண்டது.

தண்ணீர் பாய்ந்தது. மண்கிண்டி தூர்வாரி வைத்திருந்த வாய்க்காலில் எங்கும் தடைபடாமல் ஓடியது. சொல்லழகி தண்ணீருக்கு முன்னால் பறந்து, வருது வருது என்று கூவிக்கொண்டே போனாள்.

குட்டையில் நெட்டையன் கழுத்தை வளைத்து அலகை இறக்கிய நேரம், தண்ணீர் வந்து அவன் காலில் மோதியது. அலகு சேற்றில் குத்தியது. நிமிர்வதற்குள் தண்ணீர் அவன் முழங்காலைத் தாண்டிவிட்டது. செம்பா குஞ்சுகளை ஆழத்துக்கு ஓட்டிக்கொண்டு போனாள். சிவப்புக் கூட்டம் தண்ணீருக்குள் விரிந்து மறைந்தது. நெட்டையன் சேறு ஒட்டிய அலகோடு வேறு குட்டை தேடிப் பறந்தான்.

சொல்லழகி திரும்பி மேலே வந்தாள். இப்போதுதான் அங்கே சண்டைக்கு நேரம் கிடைத்தது.

"தண்ணி கட்டுன்னா பாய்ச்சுறதுன்னு எங்க பக்கத்துல பால் குடிக்கிற குட்டிக்கும் தெரியும்" என்றான் மண்கிண்டி.

"அப்படியா அண்ணே? உங்க பக்கத்துல மாட்டைக் கட்டுன்னா அவுத்து விட்ருவீங்களோ?"

மண்கிண்டி மூக்கில் ஒட்டிய மண் உதிரச் சிரித்துவிட்டான். காரியும் சிரித்தாள்.

"உங்க ரெண்டு பேர் சொல்லும் சரிதான்" என்றாள் சொல்லழகி. "அண்ணே, உங்க வயக்காட்டுல அது சரி, அத்தாச்சி மலையில இது சரி. நடுவுல பறக்கிற நான்தான் நின்னு கேட்டிருக்கணும்."

அன்றிலிருந்து அந்தக் காட்டில் ஒரு வழக்கம் வந்தது. சேதியைக் கேட்டவர், தான் என்ன செய்யப்போகிறேன் என்பதைத் தன் வாயால் சொல்ல வேண்டும். அதைக் கேட்டபிறகுதான் சொல்லழகி சிறகை விரிப்பாள். வேலை ஆரம்பமாவதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவாள்.

அக்கம்பக்கத்துக் காடுகளில் இதைக் கேலி செய்தார்கள். தாழையேரிக்காரர்களுக்கு ஒரு தடவை சொன்னால் புரியாதாம் என்று ஏரிக்குத் தண்ணீர் குடிக்க வந்த நரி ஒன்று காரியின் முகத்துக்கு நேராகவே சொன்னது.

காரி அசைபோடுவதை நிறுத்தவில்லை. "ஆமாம்ப்பா, எங்களுக்கு ஒரு தடவை சொன்னாப் புரியாது. ஆனா எங்க குட்டையில மீன் இருக்கு. உங்க குட்டையில இருக்கா?"

நரி குனிந்து தண்ணீரைக் குடித்தது. அடுத்த கோடையில் அந்தக் காட்டுக்காரர்களே வந்து, உங்கள் வழக்கத்தை எங்களுக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டார்கள். தாழையேரிக் காட்டில் அன்றைக்கு எல்லாத் தலையும் ஒரு சாண் உயரமாகத்தான் இருந்தது. செம்பாவின் குஞ்சுகளும், இப்போது கைநீள விரால்கள், தண்ணீருக்கு மேலே ஒரு துள்ளுத் துள்ளிக் காட்டின.

சொன்னதைச் சொன்னபடி சேர்ப்பது பாதி வேலைதான். கேட்டவர் அதை என்னவென்று புரிந்துகொண்டார் என்று தெரிந்துகொள்வதே மீதி வேலை.

இதை அந்தக் காட்டில் கடைசியாக ஒத்துக்கொண்டவன் மண்கிண்டி. சொன்னால் சொன்னதுதான், அதற்கு மேல் என்ன பேச்சு என்று ரொம்ப நாள் முறைத்துக்கொண்டிருந்தான். பிறகு மழைக்காலம் வந்தது. குட்டை ததும்பி நின்றது. தண்ணி போதும் என்று காரியிடம் சொல்லச் சொன்னான். சொல்லழகி தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினாள். கிளம்பியவளை அவனே கூப்பிட்டான்.

"ஏ சொல்லழகி, கொஞ்சம் நில்லும்மா. நான் சொன்னதை நீ என்னன்னு புரிஞ்சுக்கிட்டே? அதை எனக்கு ஒரு தடவை சொல்லிட்டுப் போ."