இருகரையாள்

விலங்குகள் மனிதரோடு தடையின்றிப் பேசிய அந்தக் காலத்தில், மனிதர் தமக்குள் அவ்வளவு தாராளமாகப் பேசிக்கொள்ளவில்லை. கூவளாற்றின் மேல்கரையில் மலைத்தேன் எடுத்தவர்களின் பேச்சு, கீழ்க்கரையில் உப்பு விளைவித்தவர்களுக்கு விளங்காது. இவர்களின் பேச்சு அவர்களுக்கு விளங்காது. ஆயினும் ஒருவர் பண்டம் மற்றவருக்கு வேண்டியிருந்தது. ஆகவே வாய் திறவாமலே மாற்றிக்கொண்டனர்.

ஆற்றின் நடுவே ஒரு பெரும்பாறை இருந்தது. கோடையின் முடிவில் உப்புக்கரையார் அதன்மேல் உப்பைக் குவித்து, பனையோலைப் பாயால் மூடிவிட்டுத் தொலைவுக்கு விலகிவிடுவர். பின்னர்த் தேன்கரையார் வந்து, உப்புக்கு ஈடென்று தாம் கருதும் அளவு தேனை மூங்கில் குழாய்களில் வைத்துவிட்டு விலகுவர். உப்புக்கரையார் திரும்பி வந்து தேனை எடுத்துக்கொண்டால் பேரம் முடிந்தது. தொடாமல் போனால், இன்னும் வேண்டும் என்பது பொருள். இரு பண்டங்களும் ஒருங்கே இருக்கையில், எடுப்பவர் தவிர வேறெவரும் பாறையில் கால் வைக்கலாகாது என்பது இரு கரைக்கும் பொதுவான விதி.

சேந்தி என்னும் பெண்ணின் தாய் வேரி, தேன்கரையைச் சேர்ந்தவள். தந்தை சுறவன், உப்புக்கரையைச் சேர்ந்தவன். இருவரும் சேர்ந்து வாழ எந்தக் கரையும் இடம் தரவில்லை. அவரவர் அவரவர் கரையிலேயே இருக்க, சேந்தி ஆற்றைக் கடந்து கடந்து இருவருக்கும் மகளாக இருந்தாள். இரு கரையாரும் அவளை அழைத்த சொற்கள் வெவ்வேறானவை. பொருள் ஒன்றே: பாதியாள். வேலைக்குக் கூப்பிடும்போதும் அதுதான், ஏசும்போதும் அதுதான். சேந்தி திரும்பிப் பார்ப்பாள், பதில் சொல்லமாட்டாள்.

அவளோடு சலிக்காமல் பேசியது துறையில் வாழ்ந்த ஒரு நீர்நாய்தான். “இரண்டு கரையிலும் உனக்கு வசை கிடைக்கிறது, எனக்கு மீன் கிடைக்கிறது. கடக்க மட்டும் தெரிந்தால் போதாது, பெண்ணே, திருடவும் தெரிய வேண்டும்” என்று அது கேலி செய்யும். இரு கரைப் பேச்சும் அதற்குத் தெரியும். ஆனால் அதன் சொல்லை நம்புவார் எங்கும் இல்லை.

ஓர் ஆண்டு, உப்புக்கரையார் வழக்கம்போல் பெருங்குவியலாக உப்பை வைத்துச் சென்றனர். தேன்கரையார் வந்து பார்த்தபோது ஒரு கூடைக்கும் காணாத உப்பே இருந்தது. அதற்கேற்ப ஒரே ஒரு குழாய்த் தேனை வைத்தனர். மறுநாள் வந்த உப்புக்கரையார், பாயோடு தம் உப்பில் பெரும்பகுதியும் களவு போயிற்று என்று கொதித்தனர். தேனைத் தொடாமல் அவர்கள் திரும்பியதைக் கண்ட தேன்கரையார், இது என்ன பேராசை என்று சினந்தனர். இரு கரையிலும் ஈட்டிகள் திரண்டன. பொழுது சாய்வதற்குள் துறையை முள்ளிட்டு அடைத்துவிடுவதென்றும், இனிக் கடப்பவர் பகைவரே என்றும் இரு தலைவர்களும் தத்தம் கரையில் அறிவித்தனர்.

சுறவன் மகளை அழைத்து, “அம்மா தனியாள். நீ அங்கேயே போய்விடு” என்றான். அவள் ஆற்றைக் கடந்து போனாள். அங்கே வேரி, “உப்பு வெயிலில் அப்பாவுக்குக் கண் மங்கிவருகிறது. நீ அவரோடு இரு, மகளே” என்று சொல்லி அவளைத் திருப்பி அனுப்பினாள்.

சேந்தி மீண்டும் ஆற்றில் இறங்கினாள். கரையோரப் பொந்தில் நீர்நாயின் குட்டிகள் உறங்கிக்கொண்டிருந்தன. அவற்றின் கீழே ஒரு பனையோலைப் பாய் விரிந்திருந்தது.

அவள் நீர்நாயைப் பார்த்தாள். அது முதன்முறையாகக் கேலி பேசவில்லை. குட்டிகளுக்கு ஈரம் ஆகாது என்று எடுத்ததாகவும், எடுத்த அன்றிரவே மழை பெய்யும் என்று நினைக்கவில்லை என்றும் முணுமுணுத்தது.

“என் பெயரைச் சொல்லிவிடாதே” என்றது.

“கேட்டால் சொல்வேன். கேட்கமாட்டார்கள்” என்றாள் சேந்தி.

அவள் நேரே நீந்திச் சென்று பாறைமேல் ஏறி, உப்புக்கும் தேனுக்கும் நடுவே நின்றாள். இரு கரையிலும் கூச்சல் எழுந்தது. அவள் பாறைக் குழியில் தேங்கிய நீரை அள்ளி நாவில் வைத்தாள். பின்பு தேன்கரையை நோக்கி அவர்கள் பேச்சிலும், உப்புக்கரையை நோக்கி இவர்கள் பேச்சிலும், உப்பைக் கரைத்தது மழை என்றும், ஐயம் உள்ளவர் வந்து இந்த நீரைச் சுவைக்கலாம் என்றும் கூறினாள்.

உப்புக்கரைத் தலைவர் ஈட்டியைத் தாழ்த்தவில்லை. “பாதியாளின் சொல் சாட்சி ஆகாது. நீ எங்கள் பெண்ணா, அவர்கள் பெண்ணா? அதைச் சொல் முதலில்.”

அதுவரை அந்தப் பெயருக்குப் பதில் சொல்லாதவள் அன்று சொன்னாள்.

“என்னில் எதுவும் பாதி இல்லை, பெரியவரே. இந்தக் கரையும் எனக்கு முழுதாக இருக்கிறது. அந்தக் கரையும் முழுதாக இருக்கிறது. நான் இருகரையாள்.”

அதையே மறுகரைப் பேச்சிலும் சொன்னாள். தேன்கரைத் தலைவர்தான் முதலில் நீரில் இறங்கினார். குழிநீரை வாயில் வைத்து, முகம் சுளித்துத் துப்பினார். உப்புக்கரைத் தலைவரும் வந்து சுவைத்தார். தம் உப்பைத் தாமே துப்பியவரைக் கண்டு தேன்கரையில் யாரோ சிரித்துவிட்டார்கள். முட்கள் வெட்டியபடியே கரையில் கிடந்தன. பாய் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

சுறவனுக்கும் வேரிக்கும் அப்போதும் ஒரே வீடு கிடைக்கவில்லை. ஆனால் வேரி ஆற்றைக் கடந்து கணவனின் கண்ணுக்குப் பச்சிலை பிழிந்தபோது, எவரும் அவளைத் தடுக்கவில்லை.

பல ஆண்டுகள் கழிந்தன. இரு கரைக்கும் பிறந்த பெண்களை எல்லாம் மக்கள் இருகரையாள் என்று புகழ்ச்சியாகவே அழைக்கலாயினர். பூவை என்பவள் மட்டும் அதை விரும்பவில்லை. “எனக்குப் பூவை என்ற பெயர் இருக்கிறது, அது போதும்” என்றாள். இத்தனை நல்ல பெயரை மறுப்பதா என்று ஊரார் முறையிட்டபோது, சேந்தி அவர்களைக் கடிந்துகொண்டாள்.

“பாதியாள் என்பதை என்னைக் கேளாமல் வைத்தீர்கள். இதையும் அவளைக் கேளாமல் வைத்தால், இரண்டுக்கும் என்ன வேறுபாடு?”

அன்று தொடங்கியதுதான் கூவளாற்று வழக்கம்: அந்தப் பெயரை அங்கே எவரும் எவருக்கும் சூட்டுவதில்லை, ஆண்டுதோறும் பேரம் தொடங்குமுன் இரு கரையாரும் பேசாமல் நிற்கிறார்கள், ஒரு பெண் தானே பாறைமேல் ஏறி, “நான் இருகரையாள்” என்று சொல்லும்வரை.