மேலே ஏறிய முள்

மலையடிவாரத்தில் ஒரு மடம். அந்த மடத்துக்கு ஒரு லாரி. இரண்டில் லாரிக்குத்தான் வயது அதிகம்.

மூக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய காலத்து லாரி அது. யாரோ ஒரு முதலாளி, வேண்டுதல் பலித்துவிட்டது என்று சொல்லி, மடத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனார். வாரத்துக்கு ஒருமுறை அது கஞ்சி அண்டாக்களையும் மருந்துப் பெட்டிகளையும் சுமந்துகொண்டு மலைமேல் இருக்கும் குடியிருப்புகளுக்குப் போய்வரும்.

அதை ஓட்டியவர் மாதையன். வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டி ஓய்ந்த மனிதர். ஓசூரில் மகன் வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். ஆனால் அவருக்குள் ஒரு கேள்வி கிடந்து அரித்துக்கொண்டிருந்தது. அந்தக் கேள்வியோடுதான் மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

மடத்தின் தலைவி தவமணி அம்மாவுக்கு மாதையனின் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் மாதையன் அவரை அம்மா என்று கூப்பிட்டார். அம்மா அவரை அண்ணா என்று கூப்பிட்டார்.

வந்த அன்றைக்கே மாதையன் சொல்லிவிட்டார்.

"அம்மா, ரோட்டுல நான் எத்தனையோ தடவை செத்திருக்கணும். பிழைச்சேன். மேலே ஒருத்தன் பார்த்துக்கிட்டான்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணவே இல்ல. ஒரே ஒரு தடவை அவன் அருளைக் கண்ணால பார்த்துட்டா போதும். அன்னைக்கே காவி வாங்கிக்கிறேன்."

"பார்க்கலேன்னா?"

"ஓசூர் பஸ் ஏறிடறேன்."

"சரிண்ணா. அதுவரைக்கும் லாரியைப் பார்த்துக்குங்க" என்றார் அம்மா.

மலைமேல் டீசல் போட இடம் கிடையாது. லாரியின் டேங்க்கோ சின்னது. கடந்த மழைக்காலத்தில் ஒருநாள், பாதி வழியில் டீசல் தீர்ந்து, கஞ்சியோடு வளைவில் நின்றுபோனது லாரி. மேலே குழந்தைகள் தட்டோடு காத்திருந்ததைக் கேள்விப்பட்டதும் மாதையனுக்கு மனசு ஆறவில்லை. இன்னொரு டேங்க் வைத்தே தீருவது என்று கிளம்பினார்.

டவுன் பட்டறையில் டேங்க் செய்து, சேசிஸின், அதாவது லாரியின் அடிச்சட்டத்தின், மறுபக்கத்தில் மாட்டினார்கள். எந்த டேங்க்கிலிருந்து இன்ஜினுக்கு டீசல் போகவேண்டும் என்று திருப்பிவிட ஒரு வால்வு வைத்தார்கள்.

"இதுக்கு ஒரு டீசல் மீட்டர் வேணும்" என்றார் மாதையன்.

"கடையில புதுசு நிறைய இருக்கு" என்றார் பட்டறைக்காரர்.

"புதுசு வேணாம். இதுக்கு ஜோடி வேணும்."

பழைய மீட்டர் பாலேட்டு நிறத்தில், பித்தளை வளையத்தோடு இருக்கும். அதே மாதிரி ஒன்றைத் தேடி சேலத்தில் பழைய இரும்புக் கடைகளை ஒன்றுவிடாமல் கிளறினார். கடைசியில் கிடைத்தது. டேங்க்குக்குள் மிதக்கும் மிதவை அந்த மீட்டருக்கு ஒத்துப்போகவில்லை என்றால் முள் பொய் சொல்லும். அதையும் விடவில்லை. குச்சி விட்டு அளந்து, முள்ளைப் பார்த்து, மறுபடி அளந்து, இரண்டும் ஒன்று சொல்லும்வரை பட்டறைக்காரரை நகரவிடவில்லை.

"பொண்ணு பார்க்கக்கூட இப்படி அலைஞ்சிருக்க மாட்டீங்க" என்றார் பட்டறைக்காரர்.

"அலையல. அதான் இதுக்கு அலையறேன்."

புது டேங்க்கோடு முதல் தடவை மலை ஏறிய அன்று, பக்கத்தில் மடத்துச் சமையற்காரர் பொன்னுரங்கம் உட்கார்ந்திருந்தார். இரண்டு டேங்க்கிலும் பாதிப் பாதி டீசல். மாதையன் வால்வைப் புது டேங்க்கின் பக்கம் திருப்பிவிட்டு ஏறத் தொடங்கினார்.

சில வளைவுகள் தாண்டியதும் அவர் கண் பழைய டேங்க்கின் மீட்டரில் நின்றது. முள் பாதியைத் தாண்டியிருந்தது. மேடு ஏறுவதால் ஆடுகிறது என்று நினைத்தார். அடுத்த சமதளத்திலும் அது இறங்கவில்லை. கண்ணாடியை விரலால் தட்டினார். முள் நகர்ந்தது. மேல்பக்கம்.

லாரியை நிறுத்தினார்.

"என்ன டிரைவரே, கஞ்சி ஆறிடும்!"

"பழைய டேங்க்ல டீசல் ஏறுதுய்யா."

"யாரு ஊத்தினா?"

"யாரும் ஊத்தல. மூடி பூட்டியிருக்கு."

"மீட்டர் பழசு. உங்களை மாதிரி அதுக்கும் கண்ணு மங்கியிருக்கும்."

மாதையன் பூட்டைத் திறந்து குச்சியை விட்டார். பொன்னுரங்கம் அதை வாங்கித் தானும் விட்டுப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு டேங்க்கைப் பார்த்துக் கும்பிட்டார்.

"எல்லாம் நம்ம அம்மா அருள்..." என்றார்.

புது டேங்க்கின் முள் என்னவோ இறங்கிக்கொண்டுதான் இருந்தது. ஓடுகிற லாரியில் டீசல் இறங்கத்தானே செய்யும்? அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

ஒரு வாரத்துக்குள் பழைய டேங்க்குக்குத் திருநீற்றுப் பட்டை வந்துவிட்டது. பூமாலை வந்துவிட்டது. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பொன்னுரங்கம் ஒரு கிண்ணத்தில் டீசலும் உத்தரணியுமாக நின்றார்.

"நெத்தியில மட்டும் வெச்சுக்குங்க. யாரும் குடிச்சிடாதீங்க. தாயே, உன்னைத்தான் சொல்றேன்!"

மாதையன் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷமாக இருக்கவேண்டும் என்று தோன்றியது. இருக்கிறோமா என்று தெரியவில்லை. இவ்வளவு காலம் கேட்டது கிடைத்துவிட்டது. கிடைத்த பிறகும் ஏதோ ஒன்று உள்ளே முள்ளாகக் குத்தியது. தினமும் காலையில் லாரியின் அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டாகத் துடைத்துப் பார்க்கிற மனிதர், அந்த வாரம் ஒருநாள்கூட அடியில் போகவில்லை. ஏன் என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவும் இல்லை.

அம்மாவைத் தேடிப் போனார். அம்மா மாத்திரைகளைப் பிரித்துச் சின்னச் சின்ன உறைகளில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, அது நீங்களா?"

"எது?"

"டீசல்."

"எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதுண்ணா."

"விளையாடாதீங்கம்மா. நான் கண்ணால பார்த்துட்டேன். சொன்ன சொல் மாற மாட்டேன். பௌர்ணமிக்குக் காவி குடுங்க."

"என்ன பார்த்தீங்க?"

"முள் ஏறினதை."

"எங்கேருந்து வந்து ஏறுச்சு?"

மாதையனுக்குக் கோபம் வந்தது. அது யார்மேல் என்று புரியவில்லை.

"எங்கேருந்துன்னு தெரிஞ்சுட்டா அப்புறம் அது அருளாம்மா?"

அம்மா கையிலிருந்த உறையை மூடி வைத்தார்.

"காவிக்குத் துணி எடுத்து வெக்கச் சொல்றேன். இந்த வாரம் நானும் மலைக்கு வர்றேன்."

அம்மா வருகிறார் என்றதும் லாரியின் பின்பக்கம் நிறைந்துவிட்டது. அண்டாக்களுக்கு நடுவே பொன்னுரங்கம் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். முன்னால் மாதையனும் அம்மாவும் மட்டும்.

வளைவுகள் ஆரம்பித்தன. இரண்டு மீட்டர்களும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே முகத்தோடு இருந்தன. அம்மா அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இது ஏறுதுண்ணா."

"ஏறுதும்மா."

"இது?" அம்மா புது டேங்க்கின் மீட்டரைக் காட்டினார்.

"அது... இறங்குது."

"சரி."

கொஞ்ச தூரத்தில் ஒரு சமதளம் வந்தது.

"நிறுத்துங்க. இன்ஜின் ஓடட்டும்."

நிறுத்தினார்.

"ஒரு டேங்க்குக்குள்ள டீசல் வர எத்தனை வழிண்ணா?"

"மூடி ஒண்ணு..."

அம்மா காத்திருந்தார்.

"அப்புறம் ஒரு பைப்பு" என்றார் மாதையன்.

"அதுல கை வெச்சுப் பாருங்க."

"வேணாம்மா."

"ஏன்?"

"இல்லாமப் போயிடும்."

"எது?"

மாதையன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எதிரே இருந்த பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பினால் அம்மா இருக்கையில் இல்லை. பின்னாலிருந்து ஒரே கூச்சல்.

"ஐயோ! அம்மா லாரிக்கு அடியில போறாங்க!"

மாதையன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குதித்தார். அம்மா காவிச் சேலையோடு மண்ணில் மல்லாந்து படுத்து, சேசிஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தப் பைப்புண்ணா?"

வேறு வழியில்லை. அவரும் பக்கத்தில் நுழைந்து படுத்தார். சேசிஸ் ஓரமாக இன்ஜினிலிருந்து வந்து பழைய டேங்க்குக்குள் போகும் மெல்லிய பைப் அது. எத்தனையோ தடவை அதைத் துடைத்திருக்கிறார். நட்டைத் தளர்த்தினார். டீசல் பிசுபிசுவென்று உள்ளங்கையில் வந்து விழுந்தது. நிற்காமல் விழுந்தது. அம்மாவும் கையை நீட்டி ஏந்தினார்.

பொன்னுரங்கம் குனிந்து எட்டிப்பார்த்தார்.

"அம்மா, கீழே என்ன பண்றீங்க?"

"உங்க சாமியைப் பார்க்கிறோம். கஞ்சியை மூடி வைங்க."

தலை மறைந்தது.

"சொல்லுங்கண்ணா" என்றார் அம்மா.

மாதையன் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. பம்ப் எப்போதும் இன்ஜினுக்கு வேண்டியதைவிடக் கூடுதலாகவே டீசலை இழுக்கும். எரிந்தது போக மிச்சம் இந்தப் பைப் வழியாக டேங்க்குக்குத் திரும்பிவிடும். இப்போது இழுப்பது புது டேங்க்கிலிருந்து. மிச்சம் வந்து சேர்வது பழைய டேங்க்குக்கு. பட்டறையில், இன்ஜினுக்குப் போகிற பைப்பை மட்டும் மாற்றினார்கள். திரும்பி வருகிற பைப்பை யாரும் நினைக்கவில்லை.

"அவ்வளவுதாம்மா."

"இது அப்போ புதுசா வெச்ச பைப்பா?"

"இல்லம்மா. லாரி செஞ்ச நாள்லேருந்து இருக்கு."

"அப்போல்லாம் முள் ஏறலையே?"

"ஒரே டேங்க்தானேம்மா. அதுலேருந்து போயி அதுக்கே வந்துடும். முள்ளுல தெரியாது."

நட்டை இறுக்கினார். டீசல் நின்றது. கண்ணோரம் ஈரமாக இருந்தது. வழிந்தது டீசலா கண்ணீரா என்றுகூட அவருக்குப் புரியவில்லை.

"மன்னிச்சிடுங்கம்மா. அந்தத் துணியை வேற யாருக்காவது குடுங்க. கஞ்சியை இறக்கிட்டு, கீழே போனதும் நான் பஸ் ஏறிடறேன்."

"ஏண்ணா?"

"கண்ணால பார்க்கணும்னு வந்தேன். பார்த்தேன்னு நினைச்சு ஒரு வாரம் பைத்தியம் மாதிரி திரிஞ்சேன். பார்த்தது வெறும் பைப்பு."

"வெறும் பைப்புதான்."

"ஆமாம்மா."

"மிச்சம் திரும்பி வர்ற பைப்பு."

"ஆமா."

அம்மா எண்ணெய் படிந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். அவர் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"ரெண்டாவது டேங்க் வெக்கிறதுக்கு முன்னாடியும் இது வந்துக்கிட்டேதானே இருந்துச்சு? அப்போ அதுக்கு என்ன பேர் வெச்சிருந்தீங்கண்ணா?"

மாதையனுக்கு ரோட்டில் பிழைத்த தடவைகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. கையை நீட்டி அந்தப் பைப்பைத் தொட்டார். தலைக்கு மேலே இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.