திங்கட்கிழமை போட்ட ரேம்

தூத்துக்குடி பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாடியில் லேப்டாப் பழுது பார்க்கும் கடை இருந்தது. நடத்தியவர் சகாயமேரி. முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவர். அதனால் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.

டீச்சருக்கு நாற்பத்தாறு வயது. அவரிடம் தொழில் கற்ற இசக்கிராஜுக்கு நாற்பத்திரண்டு. பதினோரு வருஷமாக அந்தக் கடையில் டீச்சருக்கு அடுத்தது அவன்தான்.

மூன்று மாதத்துக்கு முன்பு பர்வீன் வந்து சேர்ந்தாள். காயல்பட்டினத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். எதையும் ஒரு தடவை பார்த்தால் போதும் அவளுக்கு.

போன வாரம் டீச்சர் அவளை, மதர்போர்டின் நுண்ணிய பாகங்களைப் பற்றவைக்கும் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தார்.

அன்றிலிருந்து இசக்கிராஜுக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. பர்வீனுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது டீச்சர் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கொள்வதைக் கவனித்தான். தன்னிடம் அப்படிச் சாய்த்ததாக நினைவில்லை. அவள் ஏதோ சொல்லி டீச்சர் சிரித்தால், என்ன சொன்னாள் என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். கேட்கவும் மனம் வராது.

சனிக்கிழமை அவன் டீச்சரிடம் போய் நின்றான்.

"ஒண்ணு கேக்கணும் டீச்சர்."

"கேளு."

"எனக்கு மைக்ராஸ்கோப்பைத் தர நாலு வருஷம் ஆச்சு. அவளுக்கு மூணு மாசம்."

"ஆமா."

"ஏன்?"

டீச்சர் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை இழுத்து அவன் முன்னால் வைத்தார். உள்ளே கருகிப்போன மதர்போர்டுகள்.

"இதெல்லாம் யாரு கெடுத்தது?"

"அந்த நாலு வருஷத்துல கெட்டது. பாதி நான்."

"மிச்சம் பாதி நான். மைக்ராஸ்கோப் வந்த அன்னைக்கு எனக்கும் அதுல ஒண்ணும் தெரியாது, இசக்கி. நாம கெடுத்துக் கெடுத்துக் கத்துக்கிட்டதைத்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கேன்."

அவன் காதில் விழுந்தது யாரு கெடுத்தது என்ற கேள்வி மட்டும்தான். பழைய தப்பையெல்லாம் எடுத்து முன்னால் வைக்கிறாரே என்று நினைத்தான். பெட்டியைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு வெளியே போனான்.

திங்கட்கிழமை காலையில் ஜெபமணி என்ற நர்ஸ் ஒரு லேப்டாப்போடு வந்தாள். அரசு மருத்துவமனையில் ஒப்பந்த வேலை. புதன்கிழமை வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றின் நேர்முகத் தேர்வு, வீடியோவில்.

"ரெண்டு மணி நேரம் நடக்குமாம். இது வீடியோ போட்டாலே திணறுது. ஏதாவது செய்யுங்க."

பர்வீன் அடிமூடியைக் கழற்றினாள். ரேம் செருக இரண்டு ஸ்லாட். ஒன்றில் 4 ஜிபி ரேம், இன்னொன்று காலி. கடையிலிருந்த 8 ஜிபி ரேம்களில் ஒன்றை எடுத்தாள். வேறு கம்பெனி, வேகமும் கூடுதல்.

இசக்கிராஜ் தன் மேஜையிலிருந்தே அந்த லேப்டாப்பைப் பார்த்தான். அந்த மாடலை அவனுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருஷம் முன்பு, டீச்சர் ஊரில் இல்லாத ஒரு வாரத்தில், அதே மாதிரி ஒன்று வந்தது. அதிலும் இப்படித்தான் பழையதோடு புதியதைச் சேர்த்துப் போட்டான். முதல் ஒரு மணி நேரம் நன்றாக ஓடும். உள்ளே சூடு ஏறியதும் அப்படியே உறைந்து நிற்கும். ஐந்து நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் பிடிபட்டது. அந்த மாடலில் மட்டும் பழையதைக் கழற்றிவிட்டு, ஒரே மாதிரி இரண்டு போட வேண்டும்.

யாரும் சொல்லித் தராமல் அவனாகவே கண்டுபிடித்தது அது.

பர்வீன் திரும்பினாள். "அண்ணாச்சி, இது ரெண்டும் ஒண்ணா ஓடுமா?"

அவன் கையிலிருந்த திருகாணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டீச்சர்ட்ட கேளு," என்றான்.

அவள் டீச்சரிடம் கேட்டாள். டீச்சர் இரண்டு ரேமையும் வாங்கி ஒட்டியிருந்த தாளைப் படித்தார்.

"ரெண்டும் ஒரே வகை, ஒரே வோல்டேஜ். வேகமா ஓடுறது மெதுவா ஓடுறதோட வேகத்துக்கு இறங்கிக்கிடும். போடு. அரை மணி நேரம் ஓட்டிப் பாத்துட்டுக் கொடு."

அரை மணி நேரம் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. ஜெபமணி பர்வீனின் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனாள். இசக்கிராஜ் அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டான்.

வியாழக்கிழமை ஜெபமணி திரும்ப வந்தாள். சத்தம் போடவில்லை. லேப்டாப்பை மேஜையில் வைத்துவிட்டு நின்றாள்.

"நல்லாத்தான் போச்சு. ஒரு மணி நேரம் ஆயிருக்கும். குழந்தைங்க வார்டைப் பத்திக் கேட்டாங்க. நான் அஞ்சு வருஷம் இருந்த வார்டு அது. பதில் சொல்ல வாயைத் திறக்கேன், படம் நின்னு போச்சு. திரும்ப ஆன் பண்ணி உள்ள போறதுக்குள்ள அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க."

"திரும்பக் கேட்டுப் பாத்தீங்களா?" என்றார் டீச்சர்.

"மெயில் போட்டேன். அடுத்த தேர்வு ஆறு மாசம் கழிச்சுன்னு பதில் வந்திருக்கு."

பர்வீன் ஸ்டூலை விட்டு எழுந்தாள். "நான்தான் போட்டேன் அக்கா," என்றாள்.

"போடச் சொன்னது நான்," என்றார் டீச்சர். "அரை மணி நேரம் போதும்னு சொன்னதும் நான். என் மேலதான் தப்பு. சாயந்தரம் அஞ்சு மணிக்கு வாங்கம்மா, சரி பண்ணி வைக்கேன்."

ஜெபமணி தலையாட்டிவிட்டுப் படியிறங்கினாள்.

இசக்கிராஜ் எதிர்பார்த்தது இது இல்லை. ஒரு சொல்லாவது பர்வீன் மேல் விழும் என்று காத்திருந்தான். அதையும் டீச்சர் தானே எடுத்துக்கொண்டார். அதுவும் அவளுக்காக. அவனுக்குக் காது சுட்டது.

டீச்சரும் பர்வீனும் லேப்டாப்பை ஓடவிட்டுக் காத்திருந்தார்கள். ஐம்பத்தெட்டாவது நிமிஷத்தில் உறைந்தது. ரேமை இடம் மாற்றிப் போட்டார்கள். மறுபடியும் ஒரு மணி நேரம், மறுபடியும் உறைந்தது. ஒவ்வொன்றையும் தனியாகப் போட்டுச் சோதித்தபோது இரண்டுமே நல்லபடியாக இருந்தன. மணி மூன்றரை ஆகிவிட்டது. இருவரும் சாப்பிடவில்லை. டீச்சர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். அவருக்குப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அந்த முகத்தை இசக்கிராஜ் அதற்கு முன் பார்த்ததில்லை.

பர்வீன் தண்ணீர் பிடிக்கக் கீழே போனாள்.

"பழசைக் கழத்திருங்க டீச்சர்," என்றான் அவன். "8 ஜிபி மாதிரியே இன்னொண்ணு போடுங்க. இந்த மாடலுக்குக் கலந்து போட்டா ஆகாது."

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவனைப் பார்த்தார்.

"எப்ப இருந்து தெரியும்?"

"ரெண்டு வருஷமா."

"திங்கக்கிழமை?"

"தெரியும்."

டீச்சர் வேறெதுவும் கேட்கவில்லை. அலமாரியிலிருந்து அதே மாதிரி இன்னொரு 8 ஜிபி ரேமை எடுத்து அவன் கையில் கொடுத்தார். அவன் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தினான். ஓட விட்டார்கள். தண்ணீரோடு திரும்பிய பர்வீனை டீச்சர் சாப்பிட அனுப்பிவைத்தார். ஒரு மணி நேரம் தாண்டியும் படம் நகர்ந்துகொண்டே இருந்தது.

அவனால் தாங்க முடியவில்லை.

"ஏன் சொல்லலன்னு கேட்டுருங்க டீச்சர்."

"கேட்டா என்ன சொல்லுவ?"

"பதினோரு வருஷத்துல ஒரு நாளாவது நீங்க எங்கிட்ட வந்து, இது எப்படி இசக்கின்னு கேப்பீங்கன்னு பாத்தேன். கேக்கவே இல்ல. நேத்து வந்தவளுக்குத் தலையைச் சாய்ச்சுச் சொல்லிக் கொடுக்கீங்க."

டீச்சர் எழுந்தார். தன் நாற்காலியை இழுத்து அவன் மேஜைக்கு எதிரே, பர்வீனின் ஸ்டூலுக்குப் பக்கத்தில் போட்டார். பிறகு, சாப்பிட்டுவிட்டுப் படியேறி வந்த பர்வீனைக் கூப்பிட்டார்.

"நோட்டை எடுத்துட்டு வா. எனக்கும் ஒரு தாள் கிழிச்சுக் கொடு. இந்த மாடல் ஏன் உறையுதுன்னு இசக்கிக்குத் தெரியும். நமக்குத் தெரியாது."

இரண்டு பேரும் அவனுக்கு எதிரே உட்கார்ந்தார்கள். டீச்சர் தாளின் மேலே தேதி போட்டார்.

"இது எப்படி, இசக்கி?" என்றார்.

அவன் சொல்ல ஆரம்பித்தான். முதலில் தடுமாறினான். போகப் போகச் சரளமாக வந்தது. இரண்டு ரேமின் நேரக் கணக்கும் ஒத்துப் போகாமல் எப்படி இழுபறி ஆகிறது, அரை மணி நேரச் சோதனையில் அது ஏன் தெரியாது, சூடு எங்கே ஏறுகிறது, அந்த ஐந்து நாளும் எதையெதை மாற்றிப் பார்த்தான் என்று எல்லாம் சொன்னான். டீச்சர் இரண்டு இடத்தில் நிறுத்திச் சந்தேகம் கேட்டார். தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார். இத்தனை வருஷம் அவன் ஆசைப்பட்டது அதுதான்.

சொல்லி முடித்தான். பர்வீன் எழுதியதை ஒரு முறை படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இவ்வளவு தெரிஞ்சிருக்கே அண்ணாச்சி. திங்கக்கிழமை நான் கேட்டப்ப ஞாபகம் வரலையா?"

அவள் குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

இசக்கிராஜ் டீச்சரைப் பார்த்தான். டீச்சர் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பேனாவை அடுத்த வரியில் வைத்திருந்தார்.

"சொல்லு இசக்கி," என்றார். "நானும் எழுதத்தான் காத்திருக்கேன்."