பாறைமேல் கிடந்த மலைப்பாம்பு

ஒரு மலைக்காட்டின் சரிவில் நீளமுத்து என்றொரு மலைப்பாம்பு வாழ்ந்தது. முள்ளம்பன்றி ஒன்று தோண்டிய வளைதான் அதற்கும் வீடு. பகலில் முள்ளம்பன்றி உள்ளே தூங்கும். நீளமுத்து வாசலில் இருந்த கரும்பாறையில் வெயில் காயும். இரண்டுக்கும் அதிகம் பேச்சில்லை. அதனாலேயே சண்டையும் இல்லை.

மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கிய சமயத்தில் நீளமுத்துவுக்குக் கொழுத்த பன்றிக்குட்டி ஒன்று அகப்பட்டது. வெகுநாள் காத்திருந்து கிடைத்த இரை. பனிக்காலத்தில் வேறெதுவும் சிக்காது. இந்த ஒரு சாப்பாட்டை வைத்துத்தான் கோடை வரும்வரை உயிரை ஓட்ட வேண்டும். முழுசாக விழுங்கிவிட்டு, பானையை விழுங்கிய கயிறு மாதிரி பாறைமேல் போய்ப் படுத்தது.

வெளியிலிருந்து பார்த்தால் அசைவே இல்லை. உள்ளேயோ ஓயாத வேலை. இரைப்பையில் அமிலம் ஊறி எலும்பைக்கூடக் கரைத்துக்கொண்டிருந்தது. சுருங்கிக் கிடந்த குடல் தடித்து விரிந்தது. இதயமும் கொஞ்சம் பெரிதாகி, இரத்தத்தையெல்லாம் வயிற்றுப் பக்கம் தள்ளியது. பாறையின் சூடுதான் இத்தனைக்கும் அடுப்பு.

இதெல்லாம் நீளமுத்துவுக்குத் தெரியாது. எழுந்திருக்கவே மனசில்லை என்பது மட்டும் தெரிந்தது. அதை நினைத்தால் அதற்கே கூச்சமாக இருந்தது.

அப்போது கீழே ஓடையில் ஒரு மரம் சாய்ந்து தண்ணீரை மறித்துக் கிடந்தது. குரங்குகள் ஒரு பக்கம் இழுத்தன. மான்கள் ஒரு பக்கம் முட்டின. மரம் அசையவில்லை. இன்னும் சில நாளில் யானைகள் இந்த வழியாக வந்து மரத்தைத் தள்ளிவிடும், அதுவரைக்கும் குட்டையில் தண்ணீர் இருக்கிறது என்று மூத்த மான் சொல்லிவிட்டது. எல்லாரும் கலைந்து போனார்கள்.

ஆனால் பாறைக்கு மேலே வாகை மரத்தில் இருந்த மைனாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. சளசளப்பி என்றுதான் காட்டில் அதற்குப் பெயர்.

"என்ன நீளமுத்து அண்ணே, இன்றைக்கும் விடுமுறையா?"

"சாப்பிட்டிருக்கிறேன், தங்கச்சி."

"நானும்தான் சாப்பிட்டேன். சாப்பிட்ட கையோடு இரண்டு மலையைச் சுற்றிவிட்டு வந்தேன். காட்டில் எவனாவது சோம்பிக் கிடந்தால் என்ன சொல்லித் திட்டுகிறார்கள் தெரியுமா? மலைப்பாம்பு மாதிரி கிடக்கிறான் என்கிறார்கள்."

நீளமுத்துவுக்கு அது தெரியும். குட்டியாக இருந்தபோதே காதில் விழுந்த பேச்சுதான். ஆனாலும் அன்று சுருக்கென்று தைத்தது. உண்மையிலேயே எழுந்திருக்க முடியவில்லையா, அல்லது முடியவில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேனா என்று மாலைவரை யோசித்தது. பதில் கிடைக்கவில்லை. பதில் கிடைக்காத கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது.

விடிந்ததும் அது பாறையைவிட்டு இறங்கியது. இரை தேடிவிட்டுத் திரும்பிய முள்ளம்பன்றி வழியில் பார்த்துவிட்டு, வயிறு இறங்கட்டும், அப்புறம் எங்கே வேண்டுமானாலும் போயேன் என்றது.

"எல்லாரும் பார்க்கிறார்கள்" என்றது நீளமுத்து.

"பார்க்கிறவர்களா உனக்குச் செரித்துக் கொடுக்கப் போகிறார்கள்?"

நீளமுத்து நிற்கவில்லை. ஓடைக்குள் இறங்கி, மரத்தைச் சுற்றி வளைத்து, வாலைக் கரையோரத்து வேரில் மாட்டிக்கொண்டு இழுத்தது. வயிற்றில் இருந்த இரத்தமெல்லாம் தசைகளுக்கு ஓடியது. மரம் முனகியது, புரண்டது, விலகியது. தண்ணீர் பாய்ந்தது. குரங்குகள் கைதட்டின. மைனாகூட, பரவாயில்லையே அண்ணே என்றது. நீளமுத்துவுக்கு வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

எல்லாரும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்கள். நீளமுத்துவால் கரை ஏற முடியவில்லை. வெயில் படாத பள்ளம் அது. பனித்தண்ணீர் உடம்பைக் குளிரவைத்தது. வயிற்றின் அடுப்பு அணைந்துபோனது. கரைய வேண்டிய இரை கரையாமல் அழுகி, வயிறு உப்பி, மூச்சு முட்டியது. மறுநாள் அது வாயைப் பிளந்து, பாதி கரைந்த பன்றியை அப்படியே கக்கிவிட்டது. அதன் பனிக்காலம் முழுவதுக்குமான சாப்பாடு ஓடையோரத்தில் கிடந்து நாறியது. எட்டிப் பார்த்த மைனா நாற்றம் தாங்காமல் பறந்துவிட்டது.

சில நாள் கழித்து யானைகள் வந்தன. தள்ளுவதற்கு மரம் இல்லை. மூங்கிலை ஒடித்துத் தின்றுவிட்டுப் போய்விட்டன.

அந்தப் பனிக்காலம் கொடுமையாக இருந்தது. நீளமுத்து வளைக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. தோல் தொளதொளத்தது, விலாவெலும்பு வரிசையாகத் தெரிந்தது. நான் ஓடைக்குப் போனது மான்களின் தாகத்துக்காகவா, ஒரு மைனாவின் வாய்க்காகவா என்று அது திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டது. இந்த முறை பதில் தெரிந்திருந்தது. ஒத்துக்கொள்ளத்தான் நாளாயிற்று.

உயிர் மட்டும் மிஞ்சியது. பனி விலகும் நேரத்தில் ஒரு முயல் கிடைத்தது. அதை விழுங்கிவிட்டு நீளமுத்து மெல்ல ஊர்ந்து கரும்பாறைக்கு வந்தது. வெயில் முதுகில் இறங்கியது. உள்ளே எங்கோ அடுப்பு மூண்டது. இதயம் வேகம் எடுப்பதை இப்போது அது கவனித்துக் கேட்டது.

வாகை மரக் கிளை அசைந்தது.

"மறுபடியும் படுத்தாச்சா, அண்ணே?"

நீளமுத்து தலையைத் தூக்கவில்லை.

"வேலையாக இருக்கிறேன், தங்கச்சி. முடிந்ததும் பேசுவோம்."

மைனா பாறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. ஒரு வேலையும் அதன் கண்ணில் படவில்லை. வளைக்குள் முள்ளம்பன்றி சிரித்தது, முட்கள் சலசலக்கும் சத்தம் மட்டும் வெளியே கேட்டது.

உண்டதை உடம்பு தன்னோடு சேர்த்துக்கொள்ளும் நேரத்தில் ஓய்ந்திருப்பது சோம்பல் அல்ல. பிறர் பேச்சுக்குக் கூசி அந்த ஓய்வை விட்டுக்கொடுக்கிறவன் உண்டதையும் சேர்த்தே இழப்பான்.